மூணு தரம் கேட்டும் பேசாதவர்

துறைமுகத்து ஏலக்காரர் வாய் மூடிப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. ஊர் அவருக்கு வைத்த பேர் சங்கு. ஆலைச் சங்கு பழுதான அன்றைக்கு, "நம்ம ஆளை மொட்டை மாடியில ஏத்தி விடுங்கப்பா, ஷிப்டு தானா மாறிடும்" என்று கிண்டல் பண்ணினார்கள். கிண்டல்தான், ஆனால் பொய்யில்லை. சாப்பிடும்போது பேசுவார், தூக்கத்தில் பேசுவார், பல் டாக்டர் வாய்க்குள் கருவியை விட்டு நோண்டிக்கொண்டிருக்கும்போதே அவரிடம் அரசியல் பேசிய மகானுபாவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு நாள் காலையில், அத்தனை பேர் பார்க்க, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மரம் மாதிரி நின்றார். அதுதான் வினையாகிப் போனது.

ஏன் வினை என்று புரிய வேண்டுமானால் அந்த ஏலத்தளத்து வழக்கம் தெரிய வேண்டும். ஈரச் சிமெண்டுத் தரையில் மீன் பெட்டிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். சங்கு ஒரு பெட்டியின் முன்னால் நின்று விலையைக் கத்துவார். அப்புறம் "ஒரு தரம்!" என்று சுற்றிலும் ஒரு பார்வை. "ரெண்டு தரம்!" இன்னொரு பார்வை. "மூணு தரம்!" விலை கட்டுப்படியாகவில்லை, மீன் கெட்டிருக்கிறது, அது என் பெட்டி, எதுவாக இருந்தாலும் அந்த மூன்று தரத்துக்குள் வாயைத் திறந்து கத்திவிட வேண்டும். மூன்றாவது தரம் முடிந்து எவனும் பேசவில்லை என்றால் எல்லாரும் ஒத்துக்கொண்டாயிற்று. அதற்குப் பிறகு தரையில் புரண்டு அழுதாலும் பெட்டி போனது போனதுதான்.

மீனோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தண்ணீர்க் குழாயில் யார் முறை, கிரேன் கொக்கியை யார் கடலில் போட்டது, இப்படி எல்லாப் பஞ்சாயத்தும் அங்கே மூன்று தரம் கேட்டுத்தான் தீரும். சங்கு கல்யாணம் பண்ணிக்கொண்டதே அப்படித்தான். பெண்ணின் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போய் நின்று, "உங்க பொண்ணை எனக்குத் தர்றீங்களா?" என்று மூன்று தரம் கேட்டிருக்கிறார். அந்த மனுஷன் வாய் நிறையச் சோறு. விழுங்கிவிட்டு 'முடியாது' என்று சொல்வதற்குள் மூணு தரம் முடிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கும் உள்ளுக்குள் ஆசைதான், அதனால் அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் அப்பா சாப்பிடும்போது யாரையும் கிட்டே விட்டதில்லை.

அந்தப் பெண்தான் நம் கதையின் நாயகி. ஐஸ் கிடங்கில் இரும்புக் கம்பியால் ஐஸ் பாளத்தை உடைத்துப் பெட்டிகளுக்குக் கொடுக்கிற வேலை. ஐஸ்காரி என்றால் துறைமுகத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கை மரத்துப் போய், சூடான டம்ளரைக்கூடத் துணி இல்லாமல் பிடிப்பாள்.

நடந்தது இதுதான். ஒற்றைப் படகை வைத்துக்கொண்டு நாலு கப்பல் வைத்திருப்பவர் மாதிரிப் பேசுகிற ஒருவர் உண்டு. அவருக்குக் 'கப்பல்' என்றே பேர். தன் மீனை அவசர அவசரமாக ஏலம் விட்டுக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டதாக அவர் சங்கோடு சண்டைக்குப் போனார். வார்த்தை தடித்தது. சங்கு தன் முழுக் குரலையும் எடுத்து, "உன் படகு இந்தக் கரையில எப்படி நிக்குதுன்னு நானும் பார்க்கிறேண்டா!" என்று கத்தினார். அடுத்த தெருவரைக்கும் கேட்டது. அன்று சாயங்காலம் சங்கு கோபத்தோடே காற்று வாங்கப் போனார், திரும்பி வந்து ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். விடிந்து பார்த்தால் கப்பலின் படகு கயிறு அறுந்து, அலைதடுப்புக் கல்லில் மோதி, விலா எலும்பெல்லாம் நொறுங்கிக் கிடக்கிறது.

கப்பல் எள்ளும் கொள்ளும் வெடிக்க ஏலத்தளத்துக்கு வந்தார். "நீதானே அறுத்தே?" என்றார். சங்கு அவரைப் பார்த்தார். "நீதானே அறுத்தே?" ஏலத்தளமே பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பியது. ஐஸ்காரி கம்பியைப் போட்டுவிட்டுக் கிடங்கிலிருந்து ஓடி வந்தாள். அவள் வந்து சேர்வதற்கும், "சொல்லுய்யா, நீதானே அறுத்தே?" என்று மூன்றாவது தரம் கேட்பதற்கும் சரியாக இருந்தது. சங்கு சுற்றிலும் நிற்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் பெண்டாட்டி முகத்தையும் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

அவ்வளவுதான், முடிந்தது. போலீஸ் வந்து சங்கைப் பிடித்துக்கொண்டு போவதற்கு முன்னாலேயே துறைமுகம் தீர்ப்பு எழுதிவிட்டது. இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும், குற்றமில்லாதவன் மூணு தரம் கேட்டும் சும்மா நிற்பானா என்று பெட்டி தூக்குகிறவன்கூடக் கேட்டான்.

வெட்கக்கேட்டை வெளியில் சொல்ல முடியாது, ஐஸ்காரியும் அதையேதான் நினைத்தாள். கோபம் வந்தால் அவர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவை ரேடியோவைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தவர். நாத்தனார் வந்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "அண்ணி, நீ கேட்டியா? அண்ணன் செஞ்சாரா இல்லையா?" என்று பிடுங்கியபோது, "கேக்க என்ன இருக்கு?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். உண்மை என்னவென்றால் அவளுக்குப் பயம். கேட்டு, அவர் அதே மாதிரித் தன்னிடமும் பேசாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? மற்றவர்களுக்கு அது ஒரு படகு, அவளுக்கு அது வாழ்க்கை. ஜெயிலில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் அவள் ஐஸ் மெஷின் ரிப்பேரான கதையைப் பேசுவாள், கூரை ஒழுகுவதைப் பேசுவாள், தன் பல்வலியைப் பேசுவாள். அதை மட்டும் பேசமாட்டாள்.

காசில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற வக்கீலாக ஓர் அம்மா வந்தாள். குள்ளமான உருவம், மூக்கு நுனியில் கோபம், மேஜை டிராயர் நிறைய பிஸ்கட். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் ஆபீஸ். ஐஸ்காரி முதல் நாளே போய், சுற்றிவளைக்காமல் சொன்னாள். "வக்கீலம்மா, அன்னிக்கு சாயங்காலம் அவர் வீட்டை விட்டு நகரலேன்னு நான் சாட்சி சொல்றேன். எங்க வேணா சத்தியம் பண்றேன்."

"நகரலையா?"

ஐஸ்காரி தரையைப் பார்த்தாள்.

"ஏம்மா, கேஸைக் கெடுக்கணும்னே கிளம்பி வந்தீங்களா?" என்று வக்கீலம்மா பொரிந்து தள்ளினாள். "ஒரு பொய்யும் வேண்டாம். உங்களைக் கூண்டுல ஏத்தப் போறதே இல்ல. அவரையும் ஏத்தப் போறதில்ல."

"அப்புறம் அவர் செய்யலேன்னு யாரு நிரூபிக்கிறது?"

"யாரும் நிரூபிக்க வேண்டாம்."

இந்தம்மாவுக்கு மூளை கீளை பிசகிவிட்டதா என்று ஐஸ்காரி பார்த்தாள். வக்கீலம்மாவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். "சனிக்கிழமை மத்தியானம் வாங்க. சட்டம்னா என்னன்னு நாலு பேருக்குச் சொல்லித் தர்றேன். கூட உட்காருங்க. சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்" என்றாள்.

சனிக்கிழமை போனாள். கீழ்க்கடை சைக்கிள்காரர், பஸ் டிரைவர் ஒருவர், ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிற அக்கா தங்கை இரண்டு பேர், இவ்வளவுதான் கூட்டம். பிஸ்கட் தட்டு கை மாறிக்கொண்டிருந்தது. வக்கீலம்மா திடீரென்று சைக்கிள்காரர் பக்கம் திரும்பி, "போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் குடையைத் திருடினது நீங்கதான்" என்றாள்.

சைக்கிள்காரர் கடித்த பிஸ்கட்டோடு விழித்தார். "நானா? என்னம்மா அநியாயம் இது!"

"திருடலேன்னா நிரூபிங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"வீட்லதான்."

"யாரு பார்த்தா?"

"வீட்ல எல்லாரும் ஊருக்குப் போயிருந்தாங்களே."

"வசதியாப் போச்சு. தனியா வீட்ல என்ன பண்ணினீங்க?"

"தூங்கினேம்மா!"

"தூங்கினதுக்கு என்ன சாட்சி?"

ரொட்டிக் கடைத் தங்கை களுக்கென்று சிரித்தாள். சைக்கிள்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வேணும்னா கடையைச் சோதனை போட்டுக்கங்க" என்றார். "இவ்வளவு நாள் கடையிலயா வச்சிருப்பீங்க? வித்திருப்பீங்க" என்றாள் வக்கீலம்மா. "சத்தியமா நான் எடுக்கலேம்மா" என்று அவர் கிட்டத்தட்ட அழுகிற குரலில் சொன்னார். "எடுத்தவனும் இதைத்தானே சொல்வான்?" என்றாள் அவள். அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. அதுவரைக்கும் பேசாமல் இருந்த பஸ் டிரைவர் மெல்லக் குனிந்து, "ஏம்பா, எடுத்திருந்தா குடுத்துடேன், எதுக்கு வம்பு?" என்றாரே பார்க்கலாம்!

வக்கீலம்மா ஸ்கேலால் மேஜையில் ஓங்கி அடித்தாள். "பார்த்தீங்களா? எனக்குக் குடையே கிடையாது. மழை பெஞ்சா நனைஞ்சுக்கிட்டேதான் போவேன். இத்தனை நேரம் இல்லாத குடைக்கு இவர் பதில் சொல்லிக்கிட்டிருந்தார். ஒரு பிஸ்கட் தின்னு முடிக்கிறதுக்குள்ள, கூட உட்கார்ந்திருக்கிற மனுஷனே இவரைத் திருடன்னு முடிவு கட்டிட்டார்."

டிரைவருக்கு முகம் செத்துப்போனது. சைக்கிள்காரர் அவரை முறைத்த முறைப்பு இருக்கிறதே, அன்றைக்கு டிரைவரின் பஸ் கண்ணில் பட்டிருந்தால் டயரைக் கடித்திருப்பார்.

"செய்யாத காரியத்தைச் செய்யலேன்னு நிரூபிக்க எந்த மனுஷனாலயும் ஆகாது. அதனால சட்டம் அந்தச் சுமையை அவன் தலையில வைக்கிறதே இல்ல. எவன் 'நீ செஞ்சே'ன்னு சொல்றானோ அவன்தான் சுமக்கணும். சொல்றது கவர்மெண்டா இருந்தாலும் சரி. போலீஸ், வண்டி, ஆள், படை எல்லாம் அவங்ககிட்டதானே இருக்கு? அவங்களே சுமக்கட்டும். சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கிற வரைக்கும் அவன் குத்தவாளி இல்ல. கூண்டுல நின்னாலும் இல்ல, ஜெயில்ல இருந்தாலும் இல்ல."

ஐஸ்காரிக்கு அடக்க முடியவில்லை. "அதெல்லாம் சரி வக்கீலம்மா. மூணு தரம் கேட்டும் பேசாம நின்னா? எங்க இடத்துல அது ஒத்துக்கிட்டதா ஆகும்" என்றாள். ஏலத்தளத்து வழக்கத்தை முழுசாகச் சொன்னாள். தன் கல்யாணக் கதையையும் சொன்னாள். ரொட்டிக் கடை அக்கா தங்கை விழுந்து விழுந்து சிரித்தார்கள். வக்கீலம்மா சிரிக்கவில்லை, எழுந்து வந்து ஐஸ்காரிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்கப்பா அன்னிக்கு ஏன் பேசல?"

"வாயில சோறு."

"நீங்க ஏன் பேசல?"

ஐஸ்காரிக்குக் காது மடல் சிவந்தது. "எனக்கு அவரைப் பிடிச்சிருந்துச்சு."

"ரெண்டு பேரும் பேசல. காரணம் ஒண்ணா? பேசாத மனுஷனுக்குள்ள என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியும்? பயமா இருக்கலாம், கோபமா இருக்கலாம், அடிபட்ட வலியா இருக்கலாம், இன்னொருத்தரைக் காட்டிக் குடுக்க மனசில்லாம இருக்கலாம். ஏலத்துக்கு அதைப் பத்திக் கவலை இல்ல, மீன் கெட்டுடும், சீக்கிரம் முடிக்கணும். கோர்ட் அவசரப்படாது. ஒருத்தன் பேசலேன்னா பேசல, அவ்வளவுதான். அதுலேர்ந்து ஒண்ணும் எடுக்கக் கூடாது."

"ஜட்ஜ் கேட்டாலுமா?"

"ஜட்ஜ் கேட்டாலும்தான்."

ஐஸ்காரி மாடிப்படி இறங்கும்போது அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஜட்ஜ் கேட்டாலும் பேசாமல் நிற்கலாம்! கலெக்டர் ஆபீஸ் பியூன் கேட்டாலே எழுந்து நின்று பதில் சொல்கிற ஜாதி நாமெல்லாம். யார் இதை யோசித்திருப்பார்கள்? பேர் தெரியாத ஒருத்தன், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாத ஒருத்தன் கூண்டில் நிற்பான், அவன் வாய் அடைத்துப் போய் நிற்பான் என்று முன்கூட்டியே நினைத்து, அவனுக்காக இப்படி ஒரு விதியை எழுதி வைத்தார்களே! அவளுக்குப் பிரமிப்பாக இருந்தது. ஆனால் பிரமிப்பு வேறு, நம்பிக்கை வேறு. சொல்கிறபோது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், நடக்கிறபோது பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

வழக்கு நாளன்று துறைமுகமே கோர்ட்டுக்கு வந்துவிட்டது. உயரமான அறை, மெதுவாகச் சுற்றுகிற மின்விசிறி, மேலே ஜலதோஷத்தோடு ஒரு ஜட்ஜ். கைக்குட்டையும் கையுமாக இருந்தார். இவரா என் புருஷன் தலையெழுத்தை முடிவு செய்யப் போகிறவர் என்று ஐஸ்காரிக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. சங்கைக் கூண்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இளைத்துப்போய், தாடி வைத்து, ஆளே பாதியாகிவிட்டிருந்தார்.

முதலில் கப்பல் ஏறினார். சண்டையைச் சொன்னார், சங்கு கத்தினதை அப்படியே கத்திக் காட்டினார். வக்கீலம்மா எழுந்தாள். "சண்டையில கத்தினதெல்லாம் நடந்திருந்தா உங்க துறைமுகத்துல ஒரு படகாவது மிஞ்சியிருக்குமா?"

கப்பல் யோசித்தார். "மிஞ்சாதுதான்" என்றார். பின்பெஞ்சில் சிரிப்பு எழுந்து அடங்கியது.

"கயிறு அறுந்ததா, அறுத்ததா?"

"அறுத்த மாதிரிதாங்க இருக்கு."

"மாதிரியா?"

"கல்லுல உரசினாலும் அப்படி ஆகும். ஆனா இது அறுத்த மாதிரி இருக்கு."

"இவர் அறுத்ததை நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? மூணு தரம் கேட்டேன், இல்லேன்னு சொல்லலையே!"

அடுத்து தராசுக்காரர். அவரும் மூணு தரத்தைச் சொன்னார். அடுத்து கிரேன்காரர். அவரும் அதையே. படகோட்டி ஒருவர், பெட்டி தூக்குகிறவர் ஒருவர், எல்லாரும் சத்தியம் பண்ணி ஏறி, சொல்லி வைத்த மாதிரி ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். ஐஸ்காரிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கம்பியால் குத்துகிற மாதிரி இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு, இத்தனை பேர் சொன்ன பிறகு இனி யார் காப்பாற்றுவது?

பெட்டி தூக்குகிறவர் இறங்கப் போனபோது ஜட்ஜ் மூக்கைச் சிந்திவிட்டு, "ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றார். "அவர் பேசாததை எல்லாரும் பார்த்திருக்கீங்க. சரி. அதைத் தவிர வேற ஏதாவது யாராவது பார்த்தீங்களா? கையில கத்தியைப் பார்த்தீங்களா? படகுப் பக்கம் போனதைப் பார்த்தீங்களா?"

பெட்டி தூக்குகிறவர் திரும்பித் துறைமுகத்து ஆட்களைப் பார்த்தார். தராசுக்காரர் கிரேன்காரரைப் பார்த்தார். கிரேன்காரர் கப்பலைப் பார்த்தார். கப்பல் விட்டத்தைப் பார்த்தார். "இல்லீங்கய்யா" என்று பெட்டி தூக்குகிறவர் முணுமுணுத்தார்.

ஐஸ்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மலை மாதிரி நின்றது, ஒரு கேள்வியில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. துறைமுகம் முழுக்கச் சேர்ந்து வைத்திருந்தது வெறும் ஒரு மனுஷனின் மூடின வாயை மட்டும்தானா? அதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் அவரைத் தின்றோம்? 'தின்றோம்' என்று தன்னையும் சேர்த்து நினைத்ததும் அவளால் கூண்டுப் பக்கம் பார்க்க முடியவில்லை.

கடைசியில் ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூண்டைப் பார்த்தார். "உங்களுக்கு எதிரா சொன்னதெல்லாம் கேட்டீங்க. நீங்க ஏதாவது சொல்ல விரும்பினா சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம். சொல்லலேன்னா அதை உங்களுக்கு எதிரா நான் எடுத்துக்க மாட்டேன்."

சங்கு நிமிர்ந்து பார்த்தார். அந்த ஜலதோஷக்காரக் கிழவரை ஏதோ தெய்வம் பேசிவிட்ட மாதிரி பார்த்தார். துறைமுகத்து ஆட்கள் எல்லாரும் பெஞ்சு நுனிக்கு வந்துவிட்டார்கள். நாத்தனார், "பேசுண்ணா, பேசித் தொலையேன்" என்று வாய்க்குள் சொன்னாள். அவர் தலையை மட்டும் மெல்ல ஆட்டினார். கன்னத்தில் கண்ணீர் வழிந்து தாடிக்குள் போனது.

"சரி" என்றார் ஜட்ஜ். ஏதோ எழுதினார். மேலே நடக்க வேண்டியதைப் பார்த்தார்.

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. எவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒரு மனுஷன் பேசவில்லை என்பதை, ஒரு மனுஷன் பேசவில்லை என்று மட்டும் எடுத்துக்கொண்டு அந்த அறை மேலே நடந்தது. ஐஸ்காரி வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கிழவருக்கு என் புருஷன் யாரென்றே தெரியாது. ஒரு வேளை சோறு சேர்ந்து தின்றதில்லை, அவர் குரலைக்கூடக் கேட்டதில்லை. அந்தக் கிழவருக்கே இந்த மனுஷனைக் குற்றவாளி இல்லை என்று ஆரம்பிக்க முடிந்தது. இருபது வருஷம் ஒரே கூரைக்குள் இருந்த எனக்கு முடியவில்லையே! சந்தோஷத்திலா, வெட்கத்திலா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

மத்தியானம் தீர்ப்பு வந்தது. வெறும் சந்தேகத்தை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது, அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை, விடுதலை. ஜட்ஜ் ஒரு தும்மலோடு எழுந்து போய்விட்டார். அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு, ஒரு மனுஷன் சாதாரணமாக எழுந்து போகிறதை ஐஸ்காரி கதவு மூடும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே வராந்தாவில் கப்பல் வக்கீலம்மாவை மறித்தார். "அது போகட்டும்மா, அறுத்தாரா இல்லையா? அதைச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது. நான் கேக்கவே இல்ல" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அவள் அடுத்த கேஸுக்குப் போய்விட்டாள்.

கையெழுத்து, முத்திரை என்று எல்லாம் முடித்து அவரை விடுவதற்குள் துறைமுகத்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். நாத்தனார் டீ வாங்கி வருகிறேன் என்று எதிர்க் கடைக்குப் போனாள். பஸ் நிறுத்தத்து சிமெண்டு பெஞ்சில் அவரும் ஐஸ்காரியும் மட்டும் உட்கார்ந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. சங்கு தொண்டையைச் செருமினார். அத்தனை நாள் பூட்டிக் கிடந்த குரல் கரகரத்து வந்தது.

"அன்னிக்கு கப்பல் கேட்டான் பாரு. முப்பது வருஷம் இவனுங்க மீனுக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். இவனுங்களுக்கா என்னைக் கேக்க மனசு வந்துச்சுன்னு நினைச்சேன். எல்லார் மூஞ்சியையும் பார்த்தேன். ஒருத்தன் மூஞ்சியிலகூட 'சே, இவரா செய்வார்'னு இல்ல. அப்படியே வாய் அடைச்சுப் போச்சு. அப்புறம் போலீஸ் கேட்டான், உள்ள பக்கத்துல படுத்திருந்தவன் கேட்டான், என் கூடப் பொறந்தவளே கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டா." அவர் திரும்பி அவள் மரத்துப்போன கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். "நீ ஒருத்திதான் ஒரு வார்த்தை கேக்கல. எத்தனை தடவை வந்தே, ஐஸ் மெஷினைப் பேசினே, கூரையைப் பேசினே, அதைக் கேக்கவே இல்ல. நம்புறவளுக்கு எதுக்குக் கேள்வின்னு இருந்தே. அதை வச்சுத்தாண்டி நான் உள்ள தாக்குப் பிடிச்சேன். இல்லேன்னா செத்திருப்பேன்."

ஐஸ்காரி அந்தக் கையையே பார்த்தாள். சும்மா இருந்துவிடலாம். ஒரு வார்த்தை பேச வேண்டாம், தலையை அவர் தோளில் சாய்த்துக்கொண்டால் போதும். அவர் நினைத்தது நினைத்தபடியே இருக்கும், சாகிற வரைக்கும் சந்தோஷமாக இருக்கலாம். பேசச் சொல்லி அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

"இல்லீங்க" என்றாள். "நம்பினதால கேக்காம இருந்தேன்னு இல்ல. பயந்து கேக்கல. நீங்க அறுத்திருப்பீங்கன்னுதான் நானும் நினைச்சேன். வீட்லதான் இருந்தார்னு பொய்ச் சாட்சி சொல்லக்கூடப் போனேன். இன்னிக்கு அந்த ஜட்ஜ் பேசின பிறகுதான் எனக்கு என் மூஞ்சி தெரிஞ்சுது. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது, யாரும் ஏறவில்லை என்று போய்விட்டது. எதிர்க் கடையில் நாத்தனார் டீயை வைத்துக்கொண்டு அங்கிருந்தே இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து போய்விடுவார் என்று ஐஸ்காரி நினைத்தாள். போனால் போகட்டும், அது அவருக்கு உள்ள நியாயம் என்றும் நினைத்தாள்.

"பெரிய ஆளுதான் நீ" என்றார் கடைசியில். கோபமா, சிரிப்பா, அழுகையா என்று பிரிக்க முடியாத குரல். "சும்மா இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்."

"சரி. இப்பக் கேளு."

அவள் பதறிப்போய்த் தலையை ஆட்டினாள். "வேண்டாங்க. நீங்க யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. அதான் சட்டமே சொல்லிருச்சே."

"சட்டத்துக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஊருக்கும் சொல்ல வேண்டியதில்ல. உனக்குச் சொல்லணும் எனக்கு. கேளுடி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவரிடம் பேசுகிறவள் போலக் கேட்டாள்.

"நீங்களா அறுத்தீங்க?"

"இல்ல" என்றார் சங்கு. "நான் அறுக்கல."

சாட்சி கிடையாது, ஆதாரம் கிடையாது. அவள் நம்பினாள்.